படம் முடிந்த பிறகும் முடியாத படங்கள்: ஒரு நவீன சினிமாவை உயர்த்துவது எது?

நிழல்வெளி

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாகவே பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். 2000-க்குப் பிறகு வந்த படங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். முடிவுகளையும் பேசப்போகிறோம், அதனால் பார்க்காத படத்தின் பெயர் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

போன வாரம் ஈரான் இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011) படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். முதல் காட்சியில் கணவனும் மனைவியும் நீதிபதி முன்னால் உட்கார்ந்து தங்கள் விவாகரத்து வழக்கைப் பேசுகிறார்கள். நீதிபதியின் குரல் கேட்கிறது, முகம் தெரியவில்லை. கேமரா அவர் இடத்தில் இருக்கிறது. இருவரும் நம்மைப் பார்த்துத்தான் முறையிடுகிறார்கள். முதல் முறை பார்த்தபோது இது என் கண்ணில் படவே இல்லை. இந்த முறைதான் உறைத்தது: படம் தொடங்கியவுடனே என்னைத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். அப்புறம் இரண்டு மணி நேரம், என்னால் எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாதபடி ஒவ்வொருவர் பக்க நியாயத்தையும் எடுத்து வைக்கிறார். பொய் சொல்கிறார்கள், மறைக்கிறார்கள், ஆனால் அந்த இடத்தில் நான் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

கடைசியில் அப்பாவோடு போவதா அம்மாவோடு போவதா என்று மகள் சொல்லியாக வேண்டும். முடிவு செய்துவிட்டேன் என்கிறாள். பெற்றோர் இருவரையும் வெளியே நிற்கச் சொல்கிறார்கள். தாழ்வாரத்தில், நடுவே ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அப்படியே பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. அவள் என்ன சொன்னாள் என்று நமக்குத் தெரியாமலே படம் முடிகிறது.

என் கட்சி இதுதான். உயர்ந்த படம் பார்ப்பவரை நம்புகிறது. நம்மிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? 'சிறந்த பத்து' மாதிரி பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு காட்சியை எடுத்து, அது உங்களை ஏன் விடவில்லை என்று சொல்லுங்கள்.


வேகத்தடை

நல்ல தொடக்கம். ஆனால் முதல் ஆளாக மறுத்துவிடுகிறேன். சொல்லாமல் விடுவதுதான் உயர்வு என்றால், எல்லாவற்றையும் கண் முன்னால் கொட்டிக் காட்டும் படங்களை என்ன செய்வது?

ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' (2015). போகிறார்கள், திரும்பி வருகிறார்கள், கதை அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் லாரியும் மணலும் நெருப்பும். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்காக எடுக்கப்பட்ட காட்சிகள் ஏறத்தாழ 480 மணி நேரம். அதிலிருந்து படத்தைச் செதுக்கியவர் மார்கரெட் சிக்ஸல். அதற்கு முன்னால் அவர் ஆக்‌ஷன் படமே எடிட் செய்ததில்லை. படத்தில் கிட்டத்தட்ட 2700 வெட்டுகள் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடங்கள்) இருக்கின்றன. அந்த வேகத்தில் சாதாரணமாகத் தலை சுற்ற வேண்டும், யார் எங்கே இருக்கிறார் என்றே புரியாமல் போக வேண்டும். இதில் ஒரு இடத்தில்கூட அப்படி ஆகவில்லை.

ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு துரத்தல் காட்சியைச் சத்தமில்லாமல், வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பார்க்க வேண்டிய விஷயம் எப்போதும் ஃபிரேமின் நடுவில் இருக்கும். முகம், துப்பாக்கி, சக்கரம் எல்லாமே நடுவில். அடுத்த ஷாட் வரும்போது கண் எங்கும் தேடி அலைய வேண்டியதில்லை. இது திட்டமிட்டுச் செய்தது. என் கணக்கில் இதுவும் பார்ப்பவருக்குக் கொடுக்கும் மரியாதைதான். 'உன்னைக் குழப்பி அசத்த மாட்டேன், எல்லாம் தெளிவாகத் தெரியும்படி அசத்துகிறேன்' என்கிற மரியாதை.

அதனால் உயர்ந்த படம் என்றால் மௌனமும் மர்மமும் இருந்தாக வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது.


எதிரொலி

இரண்டு பேர் சொன்னதும் படிக்க அருமை. நான் ஒலித்துறையில் வேலை செய்கிறவன், அதனால் காது வழியாகத்தான் எனக்குப் படம் பிடிக்கும் அல்லது பிடிக்காமல் போகும்.

கோயன் சகோதரர்களின் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007). பெட்ரோல் போடும் இடத்தில் கொலைகாரன், கல்லாவில் இருக்கும் வயதானவரிடம் நாணயத்தைச் சுண்டிப் 'பூவா தலையா, சொல்' என்று கேட்கும் காட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குக் கொஞ்சம் முன்னால், தின்று முடித்த பாக்கெட்டின் உறையைக் கசக்கி அவன் மேசைமேல் வைக்கிறான். கேமரா அந்த உறையையே பார்க்கிறது. கசங்கிய உறை தானாக மெல்ல விரிகிறது. சர சர என்று ஒரு சின்னச் சத்தம். பின்னணி இசை கிடையாது. அந்தப் படத்தில் இசை என்று சொல்லும்படி அநேகமாக எதுவுமே இல்லை. வயலின் வைத்து இழுத்திருந்தால் 'பயப்படு' என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இங்கே அந்த உறை விரிந்து முடிகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததை நானே பிறகுதான் கவனித்தேன். தன் உயிரைத்தான் பணயம் வைக்கச் சொல்கிறான் என்று அந்தப் பெரியவருக்குப் புரியவில்லை, நமக்குப் புரிகிறது. அதை நமக்குச் சொன்னது ஒரு காகிதத்தின் சத்தம்.

இன்னும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஜோனதன் கிளேசரின் 'த ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' (2023). நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதி குடும்பத்தோடு வாழ்ந்த வீடு. முகாமின் சுவரும் அந்தத் தோட்டத்தின் சுவரும் ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் கொல்லப்படுவதைப் படம் காட்டுவதில்லை. பூச்செடிகளையும், குழந்தைகள் குளிக்கும் தொட்டியையும், விருந்தாளிகளையும்தான் காட்டுகிறது. ஆனால் காதில் இடைவிடாமல் ஒரு உறுமல், தூரத்தில் துப்பாக்கி வெடி, அலறல், நாய்க் குரைப்பு. கண்ணுக்கு ஒரு படம், காதுக்கு இன்னொரு படம். தொடக்கத்திலேயே திரையைக் கறுப்பாக வைத்து நெடுநேரம் ஒலியை மட்டும் கேட்க வைக்கிறார்கள். எப்படிப் பார்க்க வேண்டும் என்று முதலில் காதைப் பழக்கிவிடுகிறார்கள்.

அந்த வீட்டுக்காரியின் அம்மா சில நாள் தங்க வருகிறாள். மகளின் வசதியைப் பார்த்துப் பூரித்துப் போகிறாள். இரவில் சன்னல் வழியாகத் தெரியும் செந்நிற வெளிச்சத்தைப் பார்க்கிறாள். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஒரு கடிதத்தை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று நமக்குக் காட்டவே மாட்டார்கள். படம் பார்த்து இவ்வளவு நாள் ஆகியும் அந்தக் கடிதத்தை நான் மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக, நான் நிழல்வெளி கட்சி. ஒலிக்காக அதற்கு ஆஸ்கர் கிடைத்தபோது எங்கள் வேலையைச் செய்கிறவர்கள் எல்லோருக்கும் கிடைத்ததாகவே எனக்குத் தோன்றியது.


ஞாயிறுமாலை

எல்லோரும் ரசித்து எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் மனத்தாங்கலோடு எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2016-இல் பிபிசி, 36 நாடுகளைச் சேர்ந்த 177 விமர்சகர்களிடம் கேட்டு இந்த நூற்றாண்டின் சிறந்த 100 படங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. முதலிடம் டேவிட் லிஞ்சின் 'மல்ஹாலண்ட் டிரைவ்' (2001). நானும் ஆசையாக உட்கார்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் யார் யாரென்றே புரியவில்லை. முடிந்த பிறகு கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. இத்தனை பேர் கொண்டாடும் ஒன்று எனக்கு மட்டும் கதவைத் திறக்கவில்லையே என்ற வருத்தம்.

நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வரும் ஒருவருக்கு, சப்டைட்டில் படித்துக்கொண்டு, யாரும் எதுவும் பேசாத மூன்று நிமிட ஷாட்டைப் பார்க்கும் தெம்பு இருக்காது. அப்படியானால் நல்ல படம் எங்களுக்கு இல்லையா? பார்ப்பவரை நம்பும் படம் என்கிறீர்கள். எந்தப் பார்ப்பவரை? உண்மையாகவே கேட்கிறேன்.


கடைசிவரிசை

ஞாயிறுமாலை கேட்டது என் மனதிலும் இருக்கும் கேள்வி. பதில் வரட்டும், காத்திருக்கிறேன்.


நிழல்வெளி

ஞாயிறுமாலை, தப்பாக எடுத்துக்கொள்ள இதில் ஒன்றுமே இல்லை. 'மல்ஹாலண்ட் டிரைவ்' எனக்கும் முதல் முறை பிடிபடவில்லை. அதைக் கனவு மாதிரி விட்டுப் பார்க்க வேண்டும் என்பார்கள். அந்தப் பழக்கம் வராதவருக்கு அது முதல் படமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பட்டியல்கள் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்வதில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோவின் 'பாரசைட்' (2019). ஆங்கிலம் அல்லாத மொழியில் எடுக்கப்பட்டு, சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் படம். அதே படம் அதற்கு முன்னால் கான் திரைப்பட விழாவின் முதன்மை விருதான தங்கப் பனை வாங்கியது. இதெல்லாம் இருக்கட்டும். சோர்ந்துபோய் வரும் ஒருவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் படம் அது. முதல் ஒரு மணி நேரம் சிரித்துக்கொண்டே பார்க்கலாம்.

அப்புறம் மழை வருகிறது. பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்ந்த ஏழைக் குடும்பத்தின் அப்பாவும் மகனும் மகளும் அங்கிருந்து தப்பித்துக் கொட்டும் மழையில் ஓடுகிறார்கள். கவனித்துப் பாருங்கள், அவர்கள் ஓடுவது முழுக்கக் கீழ்நோக்கி. படிக்கட்டு, சரிவு, சுரங்கப்பாதை, மறுபடி படிக்கட்டு. தண்ணீரும் கூடவே ஓடி வருகிறது. பாதி தரைக்குக் கீழே இருக்கும் அவர்கள் வீட்டில் சாக்கடை புகுந்து கழிப்பறையிலிருந்து பொங்குகிறது. மகள் அந்தக் கழிப்பறை மூடியை அழுத்திக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்து சிகரெட் பற்ற வைக்கிறாள். (அந்தத் தெருவையே நீர்த்தொட்டிக்குள் செட் போட்டு எடுத்தார்கள். பணக்கார வீடும் படத்துக்காகக் கட்டியதுதான்.) மறுநாள் காலை பணக்கார வீட்டு அம்மா காரில் போனில் பேசிக்கொண்டு வருகிறாள்: நேற்று பெய்த மழையால் காற்று எவ்வளவு சுத்தமாகிவிட்டது என்று. முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டுபவர் வீட்டை இழந்த அந்த அப்பா. அவர் முகத்தை மட்டும் பாருங்கள்.

ஒரே மழை. வர்க்கம் என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லவில்லை. படிக்கட்டுதான் சொல்கிறது. இது புரிய நீங்கள் எதையும் படித்திருக்க வேண்டியதில்லை. மழையில் நனைந்திருந்தால் போதும். நான் 'பார்ப்பவர்' என்று சொன்னது உங்களைத்தான்.

வேகத்தடைக்கு ஒரு வார்த்தை. 'ஃபியூரி ரோட்'டில் நாயகி ஃப்யூரியோசாவுக்கு ஒரு கை ஏன் இல்லை என்று அந்தப் படம் எங்கேயாவது சொல்கிறதா? அந்த உலகம் எப்படி அழிந்தது என்று உட்கார வைத்து விளக்குகிறதா? கண்ணுக்கு எல்லாவற்றையும் காட்டுகிறது, வரலாற்றை நம்மிடம் விட்டுவிடுகிறது. உங்கள் படமும் என் கட்சிதான் என்று நினைக்கிறேன்.


வேகத்தடை

கை விஷயம் சரி, அந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். :)

ஆனாலும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. 'விட்டுவிடுவது' மட்டும் போதாது. எதை விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். சும்மா எதையும் சொல்லாமல் கேமராவை வைத்துவிட்டு அதற்கு ஆழம் என்று பெயர் வைக்கும் படங்களையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.


வெளிச்சம்

நான் வேறு கோணத்தில் வருகிறேன். ஷாட், ஒலி, வெட்டு எல்லாம் கருவிகள். ஒரு படம் என்ன சொல்கிறது என்பதுதான் முதல் அளவுகோல். சமூகத்துக்குத் தேவையான கருத்தைத் துணிந்து சொல்லும் படம் கொஞ்சம் முன்னே பின்னே எடுக்கப்பட்டிருந்தாலும் அதுதான் பார்க்க வேண்டிய படம். 'த கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) என்ற மலையாளப் படம் மாதிரி. எத்தனை வீடுகளில் பேச்சைக் கிளப்பியது அந்தப் படம்!


செம்பருத்தி

வெளிச்சம், நீங்கள் சொன்ன படத்தைப் பற்றியே எழுத வேண்டும் என்றுதான் உள்ளே வந்தேன். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

இயக்குநர் ஜியோ பேபி அந்தப் படத்தில் கருத்து என்று எதையும் உரக்கச் சொல்லவில்லை. கணவன், மனைவி, மாமனார் யாருக்கும் பெயரே கிடையாது. நறுக்குவது, வதக்குவது, பரிமாறுவது, மேசையில் சிதறிக் கிடப்பதை வழித்தெடுப்பது, கழுவுவது. மறுநாள் மறுபடி நறுக்குவது. அடுத்த நாளும். கேமரா கைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பின்னணி இசை இல்லாததால் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 'புரிந்துவிட்டது, அடுத்ததுக்குப் போங்கள்' என்று நமக்குத் தோன்றும் இடத்தில் இன்னொரு முறை காட்டுகிறார். அந்த அலுப்பு இருக்கிறதே, அதுதான் படம். அலுப்பைப் பற்றிப் பேசாமல் அலுப்பை நமக்கே கொடுத்துவிடுகிறார்.

பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் ஒழுகுகிறது. ஆளை வரச் சொல்லுங்கள் என்று கணவனிடம் சொல்கிறாள். அவன் மறந்துவிடுகிறான். மறுபடி சொல்கிறாள், மறுபடி மறக்கிறான். கீழே ஒரு பாத்திரத்தை வைத்து அந்த அழுக்குத் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து ஊற்றுகிறாள். கதையில் இது ஒரு பெரிய விஷயமாகவே வராது. கடைசியில் அவள் பொறுமை அறுந்துபோகும்போது அவள் கையில் இருப்பது அந்தத் தண்ணீர்தான். வசனம் எதற்கு?

நான் அதை என் அம்மாவோடு பார்த்தேன். பாதியில் அம்மா எழுந்து போய்விட்டார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து, எந்த விளக்கமும் சொல்லாமல், "அந்தக் குழாயைச் சரி செய்தார்களா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் எந்தப் படத்தைப் பற்றியும் இப்படிக் கேட்டதில்லை. பெண் விடுதலை பற்றி அந்தப் படம் ஒரு சொற்பொழிவு ஆற்றியிருந்தால் அம்மா திரும்பி வந்திருக்க மாட்டார் என்று உறுதியாகச் சொல்வேன்.

அதனால் கருத்து முதல், கருவி அப்புறம் என்று பிரிக்க முடியாது. அந்த ஒழுகும் தண்ணீர் இல்லாமல் அந்தக் கருத்து யார் மனதிலும் இறங்கியிருக்காது.


வெளிச்சம்

இதைப் படித்த பிறகு நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். 'முன்னே பின்னே எடுக்கப்பட்டிருந்தாலும்' என்று நான் சொன்னது அந்தப் படத்துக்கு நியாயமே இல்லை. அம்மாவுக்கு என் வணக்கம்.


கானல்

தண்ணீர் என்றதும் எனக்கு பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021) வந்து நிற்கிறது. ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய தமிழ்ப் படம். நம் மொழியில் வந்தும் நம்மில் பலர் பார்க்காத படம் என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

குடிகார அப்பா, பள்ளியிலிருந்து பையனை இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு போன மனைவியைக் கூட்டிவரப் போகிறான். திரும்பும்போது வெயிலில் நடந்தே வர வேண்டியதாகிறது. படம் முழுக்க அந்த நடைதான். ஒன்றேகால் மணி நேரம். சுற்றிலும் வறண்ட பூமி. அப்பாவின் வெறியும் வெயிலும் ஒரே விஷயம் போலத் தோன்ற ஆரம்பிக்கின்றன.

தாகத்துக்காகப் பையன் ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். பார்க்கும்போது சின்னப் பையனின் சமர்த்து என்று நினைத்துக் கடந்துவிடுவோம். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கல்லை எடுத்து வைக்கிறான். அங்கே ஏற்கெனவே கூழாங்கற்கள் குவிந்து கிடக்கின்றன.

அவ்வளவுதான். ஒரு நொடி ஷாட். அந்தக் குவியலில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் இதற்கு முன்னால் அவன் இதே வெயிலில், இதே அப்பாவுக்குப் பின்னால் நடந்த ஒரு நாள். படம் காட்டிய ஒரு நாள் பின்னோக்கி எத்தனையோ நாளாக விரிந்துவிடுகிறது. பின்கதை சொல்ல வேறொரு படம் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு, அம்மாவை அழ வைத்து, பாட்டுப் போட்டிருக்கும்.

வேகத்தடை கேட்டாரே, எதை விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும் என்று. இங்கே நாட்களை விட்டுவிட்டார், கல்லை விடவில்லை.


வேகத்தடை

கானல், கடைசி வரிக்கு நன்றி. நான் தேடிக்கொண்டிருந்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். இன்றிரவே பார்க்கிறேன்.


ஒற்றைஷாட்

நான் நீண்ட ஷாட்களின் பைத்தியம், பெயரைப் பார்த்தாலே தெரியும். நீளமான ஷாட் என்றாலே கைதட்டும் பழக்கம் என்னிடமும் இருந்தது. 'ரோமா' (2018) அதைச் சரி செய்தது.

சாம் மெண்டஸின் '1917' (2019) படத்தை ஒரே ஷாட் போலத் தோன்றும்படி ஒட்டியிருப்பார்கள். ரோஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவு, குறை சொல்ல ஆளில்லை. ஆனால் பார்க்கும்போது பாதி நேரம் நான் படத்தில் இல்லை, 'இதை எப்படி எடுத்தார்கள்' என்பதில் இருந்தேன். ரசித்தேன், மறுக்கவில்லை.

'ரோமா'வில் அல்ஃபோன்ஸோ குவாரோன் தானே ஒளிப்பதிவு செய்தார். தன்னை வளர்த்த பணிப்பெண்ணை மனதில் வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கடற்கரைக் காட்சி. குழந்தைகள் அலையில் இழுத்துச் செல்லப்படுகிறார்கள். பணிப்பெண் க்ளியோவுக்கு நீச்சல் தெரியாது. அவள் கடலுக்குள் நடக்கிறாள். கேமராவும் பக்கவாட்டில் அவளோடே போகிறது, அலை அவள் இடுப்புக்கு வருகிறது, மார்புக்கு வருகிறது, தலைக்கு மேல் எழுகிறது. வெட்டு இல்லை. வெட்டு வந்திருந்தால் நான் மூச்சு விட்டிருப்பேன். அவளுக்கு மூச்சு விட இடமில்லாதபோது எனக்கு மட்டும் எதற்கு?

குழந்தைகளோடு கரையேறி எல்லோரும் கட்டிப்பிடித்து விழுந்து கிடக்கும்போது, இறந்தே பிறந்த தன் குழந்தை பிறக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன் என்று அழுகிறாள். படம் முழுக்க அதிகம் பேசாதவள். அந்த நீண்ட ஷாட் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனை தூரம் கடலுக்குள் போய்விட்டு வந்திருக்கிறது. அதற்கப்புறம் 'இதை எப்படி எடுத்தார்கள்' என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை.


எதிரொலி

ஒற்றைஷாட் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'ரோமா'விலும் பின்னணி இசை இல்லை. அந்தக் கடற்கரையில் அலைச் சத்தம் உங்களைச் சுற்றி இடம் மாறிக்கொண்டே இருக்கும். மடிக்கணினி ஸ்பீக்கரில் பார்த்தவர்கள் ஒரு நல்ல ஹெட்போன் மாட்டி அந்தக் காட்சியை மட்டுமாவது மறுபடி பாருங்கள்.


கடைசிவரிசை

எல்லோரும் எழுதியதைப் படித்ததில் தைரியம் வந்தது, நானும் எழுதுகிறேன். எனக்கு ஷாட், லென்ஸ் எதுவும் தெரியாது. மனிதர்களின் முகம் பார்க்கத்தான் படம் பார்க்கிறேன்.

ஜப்பானிய இயக்குநர் ஹிரோகாசு கொரேடாவின் 'ஷாப்லிஃப்டர்ஸ்' (2018). ரத்த சம்பந்தம் இல்லாத சிலர் ஒரு சின்ன வீட்டில் குடும்பமாக வாழ்கிறார்கள். குழந்தை நடிகர்களுக்கு அவர் திரைக்கதையைக் கொடுப்பதில்லை, அந்தந்த நேரத்தில் வசனத்தைக் காதில் சொல்லி நடிக்க வைப்பார் என்று படித்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ அந்தக் குழந்தைகள் எதிரில் இருப்பவர் பேசுவதை நிஜமாகவே காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

எல்லோரும் ஒரு நாள் கடலுக்குப் போகிறார்கள். மற்றவர்கள் அலையில் குதித்து விளையாட, பாட்டி மணலில் உட்கார்ந்து பார்க்கிறார். அவர் உதடு அசைகிறது. சத்தம் கேட்கவில்லை. 'நன்றி' என்று சொல்கிறார் என்று சப்டைட்டில் இல்லாமலே தெரிகிறது. பாட்டியாக நடித்த கிரின் கிகி அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

படம் முடியும்போது, அந்தக் குடும்பம் கலைந்த பிறகு, பையன் பேருந்தில் போகிறான். தன்னை அப்பா என்று கூப்பிடச் சொல்லிக் கெஞ்சிய ஆளை, கடைசி வரை அப்படிக் கூப்பிடாமலே விட்டுவிட்டுப் போகிறான். அந்த ஆள் பேருந்தின் பின்னால் ஓடி வருகிறார். பையன் திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்து தூரம் போன பிறகு திரும்புகிறான், உதடு அசைகிறது. சத்தம் இல்லை.

என் பாட்டியின் கடைசி நாட்களில் அவரால் பேச முடியவில்லை. உதடு மட்டும் அசையும். என்ன சொல்கிறார் என்று நான் குனிந்து குனிந்து பார்ப்பேன். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, அவர் என்ன சொல்லியிருப்பார் என்ற தவிப்பு எனக்குக் கொஞ்சம் தணிந்தது. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை.


செம்பருத்தி

விளக்க வேண்டாம். புரிகிறது.


ஞாயிறுமாலை

நான்கு நாள் கழித்து வருகிறேன். நிழல்வெளி முதல் பதிவில் சொன்ன 'எ செபரேஷன்' படத்தை நேற்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். சப்டைட்டிலோடுதான். தொடக்கத்தில் இரண்டு முறை நிறுத்தி, யார் யாருக்கு என்ன உறவு என்று பேசிக்கொண்டோம். அப்புறம் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஞாபக மறதி வந்த தன் அப்பாவைக் குளிப்பாட்டும்போது மகன் அவர் முதுகில் சாய்ந்து அழும் இடத்தில் வீட்டில் ஒரு சத்தம் இல்லை.

எந்தப் பார்ப்பவரை நம்புகிறது என்று கேட்டிருந்தேன். என் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல். மகள் அம்மாவோடுதான் போயிருப்பாள் என்கிறேன் நான். அப்பாவைத் தனியாக விட்டுப் போகவே மாட்டாள் என்று என் பெண் அடித்துச் சொல்கிறாள். அப்பா சொன்ன பொய்யை முதலில் கண்டுபிடித்ததே அவள்தானே என்றால், கண்டுபிடித்தும் நீதிபதி முன்னால் அவருக்காகத் தானும் பொய் சொன்னவள் அவள்தான் என்கிறாள். காலையில் எழுந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டாள். நிழல்வெளி, மூன்று முறை பார்த்தவர் நீங்கள். யாரோடு போயிருப்பாள்?


நிழல்வெளி

முதல் முறை பார்த்தபோது அம்மாவோடு என்று நினைத்தேன். இரண்டாவது முறை அப்பாவோடு. இந்த முறை, அவள் கன்னத்தில் கண்ணீர் வழிவதைப் பார்த்தபோது, யாரோடு என்பதையே மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீதிபதி முன்னால் அவருக்காகப் பொய் சொன்னாள் என்று உங்கள் பெண் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த இடத்தை இன்று இரவு மறுபடி பார்க்கிறேன். பார்த்துவிட்டு எழுதுகிறேன், அவளிடம் சொல்லிவையுங்கள்.